ஆறு காட்டுபவர்: தென்காசி வட்டாரத்தில் வறுமையும் மனநல ஆற்றுப்படுத்தலும்

குற்றாலத்தில் குளித்தால் பித்தம் தெளியும் என்ற நம்பிக்கைக்குத் தென்மாவட்டங்களில் வயது அதிகம். சாரல் தொடங்கியதும் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, புத்தி தடுமாறிய பிள்ளையை இருபுறமும் பிடித்துக்கொண்டு அருவிக்குக் கீழே நிறுத்திய குடும்பங்களைப் பற்றி இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலையடிவாரத்துக் கோயிலின் தலபுராணமும் இதற்கு ஒத்துப்போகிறது. திருமாலாக நின்ற மூர்த்தியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார். அதனால் வந்த தலைவலி தீரக் குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள் என்பது ஐதீகம்.

இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. அதற்குள் மூன்று உண்மைகள் இருக்கின்றன. தலைக்குள் ஏற்படும் துன்பமும் ஒரு நோய்தான், அதற்குப் பரிகாரம் உண்டு என்பது ஒன்று. நோயாளியைத் தனியே அனுப்பக் கூடாது, குடும்பம் கூடவே நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. பரிகாரம் ஒருநாளோடு முடிவதில்லை, தைலத்தை விடாமல் சாத்த வேண்டும் என்பது மூன்றாவது. அருவித் தண்ணீர் மனநோயைத் தீர்க்காது. ஆனால் அந்த மூன்று உண்மைகளையும் தூக்கிக்கொண்டு ஏழையின் வீட்டு வாசலுக்குப் போகிற ஒரு வேலை இருக்கிறது. கிராமப்புற வறுமை ஒழிப்புக்காக இயங்கும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களில் மனநல ஆலோசகராகப் பணியாற்றுவோரின் வேலை அது. அந்த வேலையின் இயல்பையும் தேவையையும் இடர்களையும் தென்காசி மண்ணில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வேர்

மனநல ஆலோசகரைக் 'கவுன்சிலர்' என்று சொன்னால் கிராமத்தில் வார்டு கவுன்சிலரைத்தான் நினைப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை, தண்ணீர் வரவில்லை என்று முறையிடத் தொடங்குவார்கள். தமிழ்க் கிறிஸ்தவ வட்டாரங்களில் இதற்கு வழங்கும் நல்ல சொல் ஆற்றுப்படுத்துதல். ஆற்றுப்படுத்துநர் என்றால் ஆறுதல் சொல்பவர் என்று பலரும் எண்ணுகிறார்கள். சொல்லின் வேர் அதைவிட ஆழமானது.

ஆறு என்றால் வழி. தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்லும் ஆற்றுப்படை, பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொருவனுக்கு வழி சொல்லி அனுப்புவது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே வழி சொல்பவனும் நேற்றுவரை வறியவன். எந்தப் பாதையில் போக வேண்டும், வழியில் என்ன கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும், அவர் முன் எப்படி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவன் நடந்து வந்தவன். வறுமையும் வழிகாட்டலும் ஒரே வடிவத்தில் கலந்திருப்பதை நம் இலக்கியம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. ஏழை வீட்டில் மனநல ஆலோசனை என்பது இந்தப் பொருளில்தான் ஆற்றுப்படையாக இருக்க முடியும் என்பதே நான் சொல்ல வருவது. கேட்பது பாதி வேலை, வழி சேர்ப்பது மறுபாதி.

நெல்லைச் சீமையின் அறப்பணி மரபு

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதுவரை அது நெல்லைச் சீமையின் மேற்குக் கரை. அந்தச் சீமையில் கிறிஸ்தவ அறப்பணிக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், 1830-இல் தரும சங்கத்தைத் தொடங்கினார். மதம் மாறியதால் குடியிருந்த இடத்தை இழந்தவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைத்துக் கொடுப்பது அதன் வேலை. ஆத்துமாவைப் பற்றிப் பேச வந்தவர்கள் முதலில் தலைக்கு மேல் கூரையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

பின்னர் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். 1897-இல் புளோரன்ஸ் சுவைன்சன் காதுகேளாதோருக்குப் பள்ளி தொடங்கினார். 1901-இல் ஏமி கார்மைக்கேல் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் கண்டார். நிலம், கண், செவி, குழந்தை என்று ஒவ்வொன்றாக நீண்ட அந்தக் கை மனநோயைத் தொட வெகுகாலமானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. குற்றாலத்து அருவிக்கரையில் குடும்பம் கூடவே நின்ற அதே அறிவுதான் அங்கே மருத்துவ முறையாக உருப்பெற்றது.

மதச்சார்பில்லாத முன்மாதிரியும் இந்த வட்டாரத்திலேயே உண்டு. தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வை அவர்கள் ஊருக்கே கொண்டுபோக முடியும் என்று காட்டியது. உடல் குறைபாட்டுக்குச் சாத்தியமானது மனத்துக்கும் சாத்தியமே.

வறுமை மனத்தை என்ன செய்கிறது

கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் பக்கத்துத் தெருக்களில் பெண்கள் திண்ணையிலும் வாசலிலும் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவது அன்றாடக் காட்சி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலை போதாவிட்டால் கைக்காசில் வாங்கிச் சேர்க்க வேண்டும். கட்டுச் சரியில்லை என்று கடையில் கழித்தால் அந்த உழைப்பு போனதுதான். குனிந்தே இருப்பதால் கழுத்தும் முதுகும் போகும், தூள் நெடியில் நெஞ்சு போகும். வாரத் தவணைக்குக் குழுக்கடன்காரர் வரும் நாளன்று மொத்தத் தெருவுக்கும் படபடப்பு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும் என்பதால், கடனோடு அவமானமும் சேர்ந்துவிடுகிறது.

2017 அக்டோபர் 23-ஐ இந்த மண் மறக்கக் கூடாது. இன்றைய தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கூலித் தொழிலாளியும் மனைவியும் இரண்டு பிஞ்சுக் குழந்தைகளும் கந்துவட்டிக் கொடுமையால் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் எடுக்கப்பட்ட விபரீத முடிவால் உயிரிழந்தார்கள். பலமுறை மனுக் கொடுத்தும் பலனில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. சட்டம் இருந்தும், அந்தக் குடும்பத்தின் கையைப் பிடித்து அந்தச் சட்டத்திடம் அழைத்துப்போக ஆள் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு 'மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை எந்த வகையிலும் போதுமானதாக இருந்திருக்காது.

நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர், அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதையும், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையின்றி இருப்பதையும் கண்டது. வறுமை மனச்சோர்வைக் கொண்டுவருகிறது, மனச்சோர்வு உழைப்பைக் கெடுத்து வறுமையைக் கூட்டுகிறது என்று பொருளியல் ஆய்வுகள் இருபுறமும் காட்டியிருக்கின்றன. மாட்டையும் தையல் இயந்திரத்தையும் கொடுத்துவிட்டு, காலையில் படுக்கையை விட்டு எழ முடியாத பெண்ணைப் பார்க்காமல் போகும் வறுமை ஒழிப்புத் திட்டம் பாதியில் நின்றுவிடும்.

உகாண்டாவின் முப்பது ஊர்கள்

மனநல மருத்துவர்கள் போதாத இடத்தில் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள் இந்த வேலையைச் செய்ய முடியுமா? இதற்கு உறுதியான விடை உகாண்டாவிலிருந்து வந்தது. எய்ட்ஸ் சூறையாடிய மசாக்கா, ரக்காய் மாவட்டங்களின் 30 கிராமங்களில், கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான வேர்ல்டு விஷனோடு இணைந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மனநலத் துறையில் முன்அனுபவம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி. பிறகு வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், 16 வாரங்கள் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். இழவுத் துயரம், உறவுக்குள் சண்டை, வாழ்க்கை நிலை மாறிப்போனது ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு. 2003-இல் வெளியான முடிவு இது: குழுவில் இருந்தவர்களில் தொடக்கத்தில் 86 சதவீதம் பேருக்கு இருந்த கடும் மனச்சோர்வு 6.5 சதவீதமாகக் குறைந்தது. குழு இல்லாத ஊர்களில் அது 54.7 சதவீதத்திலேயே நின்றது.

அந்த ஆய்வாளர்கள் முதலில் செய்த வேலைதான் நமக்குப் பாடம். ஊர்க்காரர்கள் தங்கள் துயரத்தைத் தங்கள் மொழியில் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சிகிச்சையை வகுத்தார்கள். கோவாவில் சங்கத் அமைப்பும் படிப்பால் மருத்துவரல்லாத ஆலோசகர்களைக் கொண்டு, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று நிறுவியது. உலக சுகாதார நிறுவனமும் வேர்ல்டு விஷனும் மற்றொரு அமைப்பும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணை. மூன்றாவது சொல்தான் நம் ஆற்றுப்படை.

சொளகின் எதிரே

பீடி சுற்றும் பெண்ணிடம் 'ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்' என்று ஆலோசகர் கேட்க முடியாது. அந்த ஒரு மணி நேரத்தின் பீடிக் கணக்கு அன்றைய இரவுச் சோறு. ஆகவே ஆலோசகர் சொளகின் எதிரே தரையில் உட்காருகிறார். கத்தரி இலையை வெட்டும், விரல் தூளை நிரப்பும், நூல் சுற்றும், பேச்சும் நடக்கும். பழகிய கண்ணுக்கு அந்தக் கையே மனத்தைச் சொல்லிவிடும். எந்தச் சொல் வரும்போது விரல் நின்றது என்று பார்த்துக்கொண்டால் போதும், காயம் எங்கே என்று தெரிந்துவிடும்.

இந்த மண்ணில் யாரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று வந்து சொல்வதில்லை. 'ஒரே சடவா இருக்கு', 'நெஞ்சு படபடங்குது', 'ராவெல்லாம் யோசனை', 'எல்லாம் வெறுத்து வருது எக்கா' என்பார்கள். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவத்தின் முதல் கேள்வி, செய்யும் காரியங்களில் நாட்டமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பது. ஓய்வே அறியாத பெண்ணிடம் அப்படியே கேட்டால் விளங்காது. 'இந்த வருசம் கோயில் கொடைக்குப் போனீங்களா, தலைக்குப் பூ வைக்கீங்களா, பேரப்பிள்ளையைத் தூக்கணும்னு தோணுதா' என்று கேட்டால் விளங்கும். 'உயிரோட இருந்து என்ன செய்யன்னு தோணுதா?' என்றும் நேராகக் கேட்டாக வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஓர் ஆள் வந்ததே பலருக்கும் முதல் ஆறுதல்.

குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் வசந்தவல்லியின் எதிரே ஒரு குறத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். கையைப் பிடித்து, முகம் பார்த்து, மனத்தில் உள்ளதைச் சொல்கிறவள் அவள். துயரப்படும் பெண்ணின் முன்னால் வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி அமர்ந்து பேசுவது இந்த மலையடிவாரத்துக்குப் புதிதல்ல. வேறுபாடு ஒன்றுதான். குறத்தி தானே சொல்கிறாள், ஆற்றுப்படுத்துநர் சொல்ல வைக்கிறார்.

சொன்ன பிறகு வழி சேர்க்கும் வேலை தொடங்குகிறது. தூக்கமின்மையும் நடுக்கமும் மிஞ்சியிருந்தால் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று என்பதால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உதவ வேண்டும். வட்டிக்காரர் மிரட்டினால் காவல் நிலையத்துக்கு எழுதும் மனுவுக்கு, குடி நோய் என்றால் கணவருக்கான சிகிச்சைக்கு, மகள் படிப்பை நிறுத்தியிருந்தால் பள்ளிக்கு என்று ஒவ்வொன்றாக நடக்க வேண்டும். நகரத்து ஆலோசனை அறையில் இவையெல்லாம் எல்லை மீறிய செயல்கள். கிராமத்தில் இவை சிகிச்சையின் உறுப்புகள்.

ஜெபமும் மாத்திரையும்

கிறிஸ்தவ நிறுவனத்தின் ஆலோசகர் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு கேள்வியும் கூடவே நுழைகிறது: இவர் எதற்காக வருகிறார்? உதவிக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்கக் கூடாது என்பது இந்தப் பணியின் முதல் நெறி. மனம் உடைந்திருக்கும் ஒருவரின் ஒப்புதல் முழு ஒப்புதலாக இருக்காது. 'சிஸ்டர், ஒரு ஜெபம் பண்ணுங்க' என்று அவரே கேட்டால் அதை மறுப்பதும் அன்பல்ல. அவருடைய அம்மனையோ அல்லாவையோ அவர் வேண்டிக்கொள்ளும்போது அதே மரியாதையோடு அருகில் இருப்பதும் அந்த நெறியில் அடங்கும். தமிழ் விவிலியம் தூய ஆவியைத் தேற்றரவாளன் என்கிறது. தேற்ற வந்தவர் கணக்குக் கேட்பதில்லை.

இறைவழிபாட்டிடத்துக்கும் மருத்துவத்துக்கும் பகை வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ரகுராமும் சக ஆய்வாளர்களும் கவனித்து 2002-இல் எழுதினார்கள். தனிச் சடங்கோ மருந்தோ இன்றி, பயமுறுத்தாத அமைதியான இடத்தில் குடும்பத்தோடு சில வாரங்கள் இருந்ததிலேயே அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் அது சொல்கிறது. பக்தியால் வரும் அமைதியை வைத்துக்கொண்டு, பக்தியின் பெயரால் வரும் கொடுமையை விலக்கத் தெரிந்தவரே இந்த வேலைக்குத் தகுதியானவர்.

வேலையா, ஊழியமா?

கிறிஸ்தவ நிறுவனங்களில் இந்தப் பணியை ஊழியம் என்பார்கள். அழகான சொல், ஆனால் ஆபத்தும் உள்ள சொல். ஊழியம் என்ற பெயரால் குறைந்த சம்பளமும், விடுப்பில்லாத வாரமும், இரவு பதினோரு மணிக்கும் எடுத்தாக வேண்டிய கைபேசியும் நியாயமாகிவிடக் கூடாது.

குற்றாலப் பேரருவியில் நிற்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மலையுச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் உடைந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அருவியின் கீழே யாரும் நிற்க முடியாது. நாளுக்கு ஐந்தாறு வீடுகளின் துயரத்தை வாங்கி, அதன் வேகத்தை உடைத்துக் கொடுக்கிற ஆலோசகரும் அப்படித்தான். ஆனால் அவர் பாறையல்ல. தான் சந்தித்து வந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் அந்தக் குற்றவுணர்வை அவர் எங்கே போய் இறக்கி வைப்பார்? மூத்த ஆலோசகர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை தன் சந்திப்புகளைச் சொல்லிக் கலந்து பேசும் ஏற்பாடு, இந்தத் தொழிலில் சம்பளத்தைப் போலவே அடிப்படைத் தேவை. உகாண்டாவிலும் கோவாவிலும் வெற்றி கிடைத்ததற்குப் பயிற்சி எவ்வளவு காரணமோ, இடைவிடாத மேற்பார்வையும் அவ்வளவு காரணம்.

இரண்டாவது சிக்கல் தகுதி. மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு உண்டு. சாதாரண ஆலோசகர்கள் நெடுங்காலம் எந்த வரம்புக்குள்ளும் வரவில்லை. 2021-இல் வந்த இணை சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் மனநல உதவிப் பணியாளர்களையும் சமூகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. முறையான பதிவும் வரையறுத்த பயிற்சியும் வேரூன்றினால் போலிகளிடமிருந்து ஏழைகள் காக்கப்படுவார்கள், உழைப்பவர்களுக்கும் தொழில் மதிப்பு கிடைக்கும்.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான சிக்கல் தொடர்ச்சி. தொண்டு நிறுவனத் திட்டங்கள் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு நிதியில் ஓடுகின்றன. மனச்சிதைவு மூன்று ஆண்டில் விடைபெறுவதில்லை. 'புராஜெக்ட் முடிஞ்சிருச்சு' என்று ஜீப் வருவது நின்றதும் மாத்திரை நிற்கிறது, பழைய கலக்கம் திரும்புகிறது, 'அப்பவே சொன்னோம், இது தீராது' என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மனநலத்தில் பாதியில் விடுவது, தொடங்காமல் இருப்பதைவிடக் கூடுதலான தீங்கைச் செய்யக்கூடும்.

செய்ய வேண்டியவை

அதனால் இந்தப் பணியை நடத்தும் எந்த நிறுவனமும் முதல் நாளிலேயே விடைபெறும் நாளையும் திட்டமிட வேண்டும். ஒவ்வொரு நோயாளியையும் அரசு மருத்துவமனையோடு இணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெருவையே சேர்ந்த ஒருவரைப் பழக்கிவிட வேண்டும். துயரத்தைக் கடந்து வந்த பெண்ணே அடுத்தவளுக்கு வழிகாட்டியாவது ஆற்றுப்படையின் இலக்கணத்துக்கும் பொருந்தும்.

அரசுக்கும் பொறுப்புண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. அதே வாசலில் 'ராத்திரி தூங்குறீங்களா?' என்ற ஒரு கேள்வியையும் சேர்த்தால் போதும், சிகிச்சை இடைவெளியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிய வரும். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் தென்காசியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சொளகின் எதிரே வந்து உட்கார ஒருவர் இருந்தால் அந்தத் தூரம் நடக்க வேண்டியிருக்காது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது பேச்சைக் குறைத்து, சோற்றைத் தள்ளி, 'எல்லாம் வெறுத்துப் போச்சு' என்று சொன்னால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104 என்ற தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண்ணிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பிறகு மருத்துவமனை வரை கூடவே போங்கள்.